தாளம் ஏட்டில் ஏறிய வரலாறு

அல்லிநகரத்திலிருந்து தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு நெடுகிலும், வீரபாண்டி கௌமாரியம்மனின் சித்திரைத் திருவிழாவிலும் ஊர்ப் பொங்கல்களிலும் உறுமியும் தவிலும் பறையும் முழங்கிய நெடுங்காலத்தில், முழக்கியவர்கள் தாளத்தைக் காகிதத்தில் தேடியவர்களல்லர்; தகப்பன் வாயால் சொன்ன சொற்கட்டை மகன் தொடையில் தட்டித் தட்டிப் பழகிய பின்னரே தோலின்மேல் கை வைப்பது வழக்கம். 'தகிட' என மூன்றும் 'தகதிமி' என நான்கும் கூடி ஏழாகிய மிச்ரம் பிறக்கும் கணிதத்தை எழுத்தின் துணையின்றிச் சித்தத்தில் இருத்திய அவ்வித்தையைக் கல்லாமை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயினும் குருவும் சிஷ்யனும் எதிரெதிரே அமர இயலாதவிடத்து எழுத்தே கதி. 1893-இல் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய முறையில் எழுதிச் சென்னையில் அச்சேற்றினார். 1904-இல் எட்டயபுரத்துச் சுப்பராம தீக்ஷிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. நம் முறையில் ஸ்வர எழுத்தின் பின் வரும் காற்புள்ளி ஓர் அக்ஷர காலத்தையும் அரைப்புள்ளி இரண்டையும் நீட்ட, தலைமேல் இட்ட கோடு காலத்தைப் பாதியாக்கும். ஐரோப்பிய முறையிலோ குறியின் உருவமே அதன் காலத்தைச் சொல்லிவிடும். முழுமை, பாதி, கால், அரைக்கால் என ஒவ்வொன்றும் முன்னதன் பாதியாய் இறங்கிச் செல்ல, மௌனத்திற்கும் அதே அளவுகளில் தனிக் குறிகள் உண்டு. ஒலியை எண்ணுவது எளிது. ஒலியாத காலத்தையும் அதே சிரத்தையோடு எண்ணிக் கடப்பதே புதிதாய்ப் பயில்வோனை வருத்தும் இடம். எல்லாம் இரண்டிரண்டாய்ப் பிளவுபடும் அம்முறையில், கும்மிக்கு இயல்பான, மும்மூன்றாய்ச் செல்லும் திச்ர நடையை அடக்க 'சிக்ஸ்-எய்ட்' என்னும் கணக்கு கைகொடுக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராய்த் திரிந்த இளையராஜா, 1960-களின் இறுதியில் சென்னை சேர்ந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ஐரோப்பிய இசையெழுத்தை முறையாகப் பயின்றார். செவியில் முன்பே குடியிருந்த லயத்திற்கு அங்கேதான் கண் திறந்தது என்பது என் துணிபு. 1976-இல் அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வந்தது; மறு ஆண்டில் அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. ஒவ்வொரு வாத்தியத்திற்கும் உரிய பகுதியை இசையமைப்பாளரே தம் கையால் எழுதித் தர, வயற்காட்டைக் கண்டறியாத வயலின்காரரும் ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் இம்மண்ணின் நடையை வாசிக்க வழி பிறந்தது. 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் அரங்கேற்றியதும் அவ்வாறு எழுதிய ஏடுகளைக் கொண்டே.