அம்பலம் ஏறிய ஏழை சொல்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர். ஏறியதுண்டு, தோழர்களே! தானாக ஏறவில்லை, சிறைக்கூடத்திலிருந்து ஏற்றினான் ஒருவன்.

அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்துப் பனாமா சிட்டி. 1961-ல், பந்தாட்ட விடுதியொன்றில் திருடப் புகுந்தான் எனக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் மீது வழக்கு. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவன். அமர்த்தித் தருமாறு கேட்டான். மரண தண்டனைக்குரிய வழக்குக்கே அச்சலுகை என்று கைவிரித்தது மன்றம். சட்டம் கற்ற அரசு வழக்கறிஞர் ஒருபுறம். சட்டம் பயிலாத கிடியன் மறுபுறம்! தண்டனை 5 ஆண்டு.

மாநில உச்சநீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு விடுத்தான், தள்ளுபடி! துவண்டானா? இல்லை. 1962 சனவரியில், சிறைத்தாளில் பென்சிலால் எழுதிய மனு, நாட்டின் உச்சநீதிமன்றக் கதவைத் தட்டிற்று. அவனுக்காக வாதாட ஏப் போர்ட்டாஸ் என்னும் வழக்கறிஞரை அம்மன்றமே அமர்த்திற்று. 1963 மார்ச் 18 அன்று, நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்துரைத்தனர்: கடுங்குற்ற வழக்கில், வசதியற்றவனுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவது அரசின் கடமை! 1942-ல் அதே மன்றம் அளித்திருந்த மாறான தீர்ப்பு வீழ்ந்தது.

ஆகஸ்டில் மறுவிசாரணை. அதே ஊர், அதே குற்றச்சாட்டு. அருகே வழக்கறிஞர் ஒருவர், அவ்வளவே வேறுபாடு. ஜூரிகள் விடுதலை செய்தனர்!

அப்படியானால், முதல் தண்டனை குற்றத்துக்கா, வறுமைக்கா?

விதியென்று கிடியன் வாளாவிருந்திருப்பின் அவ்வினா எழுந்திராது. தலையெழுத்தை நம்பவில்லை அவன். தன் கையெழுத்தை நம்பினான்!