செரோக்கிப் பாட்டி: ஒரு வம்சாவழி ஐதீகம் பற்றிய சில குறிப்புகள்

ஐக்கிய அமெரிக்காவின் குடும்பங்கள் பலவற்றில், சிறப்பாகத் தென் மாநிலங்களைப் பூர்வீகமாகக் கொண்ட வெள்ளையினக் கறுப்பினக் குடும்பங்களில், தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வாய்மொழிச் செய்தியொன்றுண்டு. தம் பாட்டியின் தாயோ பாட்டியோ ஒரு செரோக்கிப் பெண் என்பதே அது. சில வீடுகளில் அவள் இளவரசியாகவும் உயர்ந்துவிடுவாள். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் முழுமையாகவோ பகுதியாகவோ தம்மைச் செரோக்கியரெனக் குறித்தோர் 819,105 பேர். அக்காலத்தில் செரோக்கியரின் மூன்று அரசுகளினதும் பதிவேடுகளில் இடம்பெற்றோரின் தொகை இதன் அரைப்பங்கையும் எட்டவில்லை.

இவ்வுரிமைகோரல்களைப் பொய்யென்று தள்ளிவிடல் எளிது. ஆயின் ஒரே கதை இத்தனை வீடுகளில் ஒரே வடிவிற் சொல்லப்படும்போது, அதன் உண்மை பொய்யைக் காட்டிலும் அதன் தேவையே ஆராயத்தக்கதாகின்றது.

முதலிற் பாட்டியை நோக்குவோம். சியூ இனத்தவரான வைன் டெலோரியா 1964 முதல் 1967 வரை அமெரிக்க இந்தியர் தேசியப் பேரவையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக விளங்கியவர். தம்மைத் தேடிவந்து இந்திய வம்சாவழி பாராட்டிய வெள்ளையருள் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் பாட்டி வழியாகவே அதனைக் கோரினரெனவும், அவர்கள் பெரிதும் விரும்பிய இனம் செரோக்கியே எனவும் 1969இல் வெளியான தமது நூலிற் குறிப்பிடுகின்றார். ஆண் மூதாதை கொடிய போர்வீரனாகவே வெள்ளையர் மனத்திற் பதிந்திருந்தமையால் அவனை உறவுகொண்டாடல் இயலாது; பெண்ணுக்கோ அரச குலத்தைக் கற்பித்துவிடலாம் என்பது அவர் தரும் விளக்கம். இதனோடு நாம் ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றோம். பாட்டி மணமகளாக வருபவள். பறித்தெடுத்த காணி இக்கதையிற் சீதனக் காணியாகிவிடுகின்றது.

செரோக்கியரிடையே மன்னருமிலர், இளவரசியருமிலர். அவர்களது சமூகம் தாய்வழிப்பட்ட ஏழு குலங்களால் ஆனது. வெள்ளை வணிகனை மணந்த செரோக்கிப் பெண்ணின் பிள்ளை ஐயத்துக்கிடமின்றிச் செரோக்கியே. வெள்ளைப் பெண்ணை மணந்த செரோக்கியனின் பிள்ளைக்குக் குலமில்லை. பின்னதற்குப் பரிகாரமாக 1825இற் சட்டமொன்று இயற்றப்பட்டு அத்தகைய பிள்ளைகளுக்கும் பிரசாவுரிமை அளிக்கப்பட்டது. 1828 முதல் 1866 வரை தலைமைத் தலைவராயிருந்த ஜோன் றொஸ் எட்டிலொரு பங்கே செரோக்கியர். எஞ்சியது பெரும்பாலும் ஸ்கொத்லாந்துக் குருதி. ஆயினும் தாய்வழியால் அவர் அச்சமூகத்தவராகவே கொள்ளப்பட்டார். எவ்வளவு குருதி என்பதன்று, எவருடைய பிள்ளை என்பதே அங்கு வினாவாக இருந்தது.

ஜோர்ஜியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டதன் பின்னர் நிகழ்ந்தவை யாவருமறிந்தவை: 1830இன் இந்தியர் அகற்றற் சட்டம், செரோக்கியரின் காணிகளை வெள்ளையருக்குச் சீட்டிழுப்பாற் பகிர்ந்த 1832, சிறு குழுவொன்று மாத்திரம் ஒப்பமிட்ட 1835இன் உடன்படிக்கை. 1838-39இல் ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே துரத்தப்பட்டனர். அவர்களுள் 4,000 பேரளவில் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. தென் மாநில வெள்ளையர் செரோக்கி மூதாதையரைக் கொண்டாடத் தொடங்கியது 1840களிலும் 1850களிலும் என வரலாற்றாசிரியர் கிரகரி சிமிதர்ஸ் காட்டியுள்ளார். காணி கைமாறியபின் உறவு பிறந்தது. மலைகளில் ஒளிந்து தப்பியவள் எம் பாட்டி என்று பல குடும்பங்கள் கூறும். வட கரோலைனாவிற் சில நூற்றுவர் தங்கிவிட்டமை மெய்யே. ஆயின் அவர்களின் சந்ததியார் இன்றுங் கிழக்குச் செரோக்கியராக அங்கேயே வாழ்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் மறந்தாரல்லர்.

இனிப் பதிவேடுகள். பொதுவில் இருந்த நிலத்தைத் தனியார் துண்டுகளாகப் பிரிக்கும் நோக்குடன் 1893இல் அமைந்த டோஸ் ஆணைக்குழுவிடம், செரோக்கியர் உள்ளிட்ட ஐந்து இனங்களில் தம்மைச் சேர்க்குமாறு வேண்டியோர் 250,000க்கு மேல். சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 101,000. கிழக்குச் செரோக்கியருக்குரிய நட்டஈட்டைப் பகிர்வதற்கு 1906இன் பின் மில்லர் என்பார் விண்ணப்பங்களை ஏற்றபோது, சுமார் 90,000 பேரின் சார்பில் ஏறத்தாழ 46,000 விண்ணப்பங்கள் வந்தன. தகுதி பெற்றோர் 30,000க்குச் சற்று அதிகம். ஒவ்வொரு விண்ணப்பமும் பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்தம் உடன்பிறந்தார் எனப் பெயர்களை அடுக்கிச் செல்வது. நிராகரிக்கப்பட்ட அனைவரையும் மோசடிக்காரர் என நாம் கருதவில்லை. சொந்தக் காணியற்ற ஏழைகள் வீட்டிற் கேட்ட கதையை நம்பி எழுதியவையும் அவற்றுட் பலவாதல் வேண்டும். இதில் விந்தை யாதெனில், பாட்டனார் விண்ணப்பித்தார் என்பதே பேரப்பிள்ளைகளுக்குச் சான்றாகிவிட்டமையாகும். விண்ணப்பத்தின் முடிவை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

கறுப்பினக் குடும்பங்களில் இக்கதைக்கு வேறொரு பணியுண்டு. 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்று ஆபிரிக்க அமெரிக்கரின் மூதாதைமையில் சராசரி 24 விழுக்காடு ஐரோப்பியம், 0.8 விழுக்காடே அமெரிக்கப் பூர்வகுடி எனக் கண்டது. பாட்டியின் நீண்ட கூந்தலுக்கும் வெளிறிய நிறத்துக்கும் தோட்ட முதலாளியின் வன்செயலைக் காரணமாகக் கூறுவதினும் செரோக்கியரைக் கூறல் தாங்கத்தக்கதாக இருந்திருக்கும். இதனை நாம் இகழ்ச்சியாகக் கூறவில்லை.

இகழத்தக்கது வேறு. 1976இற் போறெஸ்ற் கார்ட்டர் என்ற பெயரில் வெளிவந்த 'லிட்டில் ட்ரீயின் கல்வி', செரோக்கிப் பாட்டன் பாட்டியால் வளர்க்கப்பட்ட அநாதைச் சிறுவனின் தன்வரலாறு எனப் போற்றப்பட்டது. அதன் ஆசிரியர் ஏசா கார்ட்டர், அலபாமாவின் ஆளுநர் வொலஸ் 1963இல் இனப் பாகுபாட்டை என்றென்றைக்கும் வேண்டி நிகழ்த்திய பதவியேற்புரையை எழுதியவர். கூ கிளக்ஸ் கிளானைச் சார்ந்தவர். கறுப்பினத்தவரை அயலார் என ஒதுக்கியவருக்கே மண்ணின் மைந்தனாகும் ஆவல் இருந்தது.

டோஸ் பதிவேடு மற்றொன்றையுஞ் செய்தது. குருதியால் வந்தோருக்குப் பின்னக் கணக்கு எழுதியது. செரோக்கியரிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரை, அவருட் சிலர் செரோக்கித் தந்தையரின் மக்களாயிருந்தும், பின்னமேதுமின்றித் தனிப்பட்டியலில் இட்டது. 1835ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே செரோக்கியர் 16,542 பேர், அவர்களின் அடிமைகள் 1,592 பேர். அகற்றலின்போது அவ்வடிமைகளும் அதே வழியே நடத்திச் செல்லப்பட்டனர். 1866இன் உடன்படிக்கை அவர்களுக்குச் செரோக்கியரின் உரிமைகள் யாவற்றையும் வழங்கியது. எனினும் 1983இல் அவர்தம் சந்ததியாரின் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 2007இல் யாப்புத் திருத்தமொன்றினாற் பிரசாவுரிமையும் பறிக்கப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 பெப்ரவரியிற் செரோக்கி நாட்டின் உயர் நீதிமன்றம் 'குருதியால்' என்னுஞ் சொல்லைத் தனது யாப்பிலிருந்து நீக்கியது. பெயர் பதிவேட்டில் இருந்தவர்கள், பாட்டியின் பெயரையும் அறிந்தவர்கள், அதுவரை காத்திருந்தனர்.