பெயர் மாறிய பிள்ளைகள்: அமெரிக்க மிசனும் யாழ்ப்பாணத்து விடுதிப் பாடசாலைகளும்

திருவாக்குப் புராணம் பாடிய அளவெட்டிக் கனகசபைப் புலவரை ஈழத்துக் கிறித்தவ இலக்கியம் கற்போர் அறிவர். அவர் பெயருக்கு முன்னே நிற்கும் ஜெரமையா எவாட்ஸ் என்னும் பெயர் யாருடையது என்று கேட்போர் மிகச் சிலரே. அப்பெயருக்குரியவர் பொஸ்ரன் நகரில் அமெரிக்க மிசன் சங்கத்தின் செயலாளராக இருந்து 1831 இல் இறந்தவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று அவர் பெயரைத் தாங்க நேர்ந்த வழக்கத்தின் வரலாறே இங்கு நோக்கப்படுகின்றது.

1810 இல் தோன்றிய அச்சங்கத்தின் முதல் ஊழியருக்கு இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி இடமளிக்கவில்லை. முடிக்குரிய ஆட்சி நிலவிய இலங்கையிலோ தடை இருக்கவில்லை. 1816 இல் கொழும்பில் இறங்கியவர்களுள் டானியல் பூரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழையிலும், மெயிக்ஸ், றிச்சேட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களையும் வீடுகளையும் செப்பனிட்டுப் பள்ளிகளையும் தொடங்கினர்.

ஊர்ப் பள்ளிகளில் ஒரு குறையை அவர்கள் விரைவில் கண்டனர். பகலிற் படித்த பிள்ளை மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடும். அங்கே திருநீறும் கோயிலும் உறவும் அதை மீண்டும் தம்வயப்படுத்திவிடும். ஆகவே பிள்ளையைத் தம்முடனேயே இருத்தி, உண்டியும் உடையும் கல்வியும் தருவதே வழியெனத் துணிந்தனர். இதற்கான பணம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு பிள்ளையைப் பேண மாதம் ஒரு டொலர், ஆண்டுக்கு 12 டொலர் போதுமென்று அங்குள்ள சபைகளுக்கு எழுதினர். தனவந்தர் மட்டுமன்றிச் சபைப் பெண்களும் ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவரும் சில்லறை சேர்த்து அனுப்பினர். பணம் தருவோர் தாம் பேணும் பிள்ளைக்குப் பெயர் தெரிந்தெடுக்கலாம் என்பது வழக்கமாயிற்று. தாம் மதித்த போதகர், மறைந்த உறவினர், அறப்பணிக்குப் பேர்போன ஒருவர் ஆகியோரின் பெயர்கள் இவ்வாறு தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் கப்பலேறி வந்தன. நதானியேல் நைல்ஸ், எபனேசர் போட்டர் முதலிய பெயர்களை மிசன் ஏடுகளிற் காண்கின்றவர் அவற்றை வெள்ளையர் பெயர்களென்றே எண்ணக்கூடும். அவர்கள் தமிழ்ப் பிள்ளைகளாவர்.

கொடையாளர் மனத்தில் இருந்த பிள்ளை பெரும்பாலும் அநாதைப் பிள்ளை. உண்மை நிலை அவ்வளவு எளிதன்று. தாய் தந்தையரை இழந்தோரும், கைம்பெண்ணின் பிள்ளைகளும் வந்தனர். பெற்றோர் இருந்தும் வறுமையால் அனுப்பப்பட்டவர்களும், ஆங்கிலம் தரக்கூடிய உத்தியோகத்தை நாடி வந்தவர்களும் இருந்தனர். பிள்ளையை அனுப்பிய பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினர் என்று கொள்வதும் தவறு. மிசன் வளவிற் சமைத்த உணவைப் பிள்ளைகள் தொட மறுத்தபோது, மிசனரிமார் இறங்கிவந்து, சாதி ஆசாரத்துக்கு இசைந்தவாறு சமையலைத் தனியிடத்தில் வைக்க நேர்ந்தது. சமயம் மாற்ற வந்தவர்கள் அடுப்படியில் ஊர் வழக்கத்துக்குப் பணிந்த இச்செய்தி, சபைகளுக்குப் போன வேண்டுகோள்களை மட்டும் படிப்போருக்கு எளிதிற் புலப்படாது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. 1824 இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் பொறுப்பில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. படித்த பெண்ணை யார் மணப்பார் என்ற அச்சம் ஊரில் இருந்தமையால், கிறித்தவரை மணக்கும் மாணவியருக்கு மிசனே சீதனமும் கொடுத்தது. ஆண்பிள்ளைகளுட் பலர் பிற்காலத்தில் நூலெழுதித் தம் தமிழ்ப் பெயரையும் நிலைநாட்டிக்கொண்டனர். அவ்வாய்ப்பு இம்மாணவியருக்கு அரிதாகவே கிட்டியது. இதனாலேயே அவர்களுட் பலர் இன்று கொடையாளர் இட்ட பெயரால் மட்டுமே நமக்குத் தெரியவருகின்றனர் என்பது என் கருத்து.

நோயாளரைப் பேணும் பணியும் இப்பணியோடு ஒட்டியே வளர்ந்தது. தெல்லிப்பழையில் மருந்து கொடுத்த வாரனே காச நோயாளி. 1818 இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். அவருடன் சென்று திரும்பிய றிச்சேட்சும் 1822 இல் மறைந்தார். 1820 இல் பண்டத்தரிப்பில் அமர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் தம் சொந்தக் குழந்தைகளையும் இழந்தவர். அவர் அமெரிக்கச் சிறுவருக்கென எழுதிய கடிதங்கள் நூலுருவிலும் வெளிவந்தன. அக்கடிதங்களில் நம் நாட்டுப் பிள்ளை எப்போதும் இருளிற் கிடக்கும் இரக்கத்துக்குரிய பிள்ளையே. பண்டத்தரிப்பில் அவர் கண்முன் ஓடித்திரிந்த பிள்ளைகள் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் தம்மை அடையாளங் கண்டிருப்பார்களோ என்பது ஐயமே.

1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இவ்வகையில் வேறுபட்டவர். மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்திய அவர், நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கொடுப்பதோடு நிற்கவில்லை. ஊரில் நிலைத்திருக்கக் கூடியவர் உள்ளூர் வைத்தியரும் மருத்துவிச்சியுமே என்பதை உணர்ந்து, மகப்பேற்றைப் பற்றிய நூலொன்றை 1857 இல் தமிழில் தந்தார். தாய்நாடு சென்று 1862 இல் மீண்ட பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1873 இல் அவர் புறப்பட்டபோது அவரிடம் கற்ற வைத்தியர்கள் இங்கேயே இருந்தனர்.

இதற்கு மாறான வருகையொன்றும் உண்டு. சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855 இல் யாழ்ப்பாணம் வந்து தங்கியது சில வாரங்களே. ஆங்கிலக் கல்வி மிசனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்ற முடிவோடு, 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி அவ்வாண்டே மூடப்பட்டது. பிள்ளைகளையோ பெற்றோரையோ யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயர்கள் மட்டும் எஞ்சின. 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை செமினறியிற் கற்றவர். மிசன் பத்திரிகையில் எழுதிய அவர் பின்னர் சைவத்துக்கு மீண்டார். சமயத்தைக் களைந்த அவரால் பெயரைக் களைய இயலவில்லை. இன்றும் வரலாற்றாசிரியர் அவரைக் கறோல் விசுவநாதபிள்ளை என்றே எழுதுகின்றனர். தமிழ்ப் புலவர்களின் பெயரும் ஊரும் மறையாதிருக்க 1886 இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்ட சதாசிவம்பிள்ளையும் செமினறி மாணவரே. அவரையும் நாம் ஆனல்ட் என்று சேர்த்தே அழைக்கின்றோம்.