நீலாய் வரை வந்த கிரெடிட்

அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் ஒரு கோடி டாலரை எடுத்து வைத்தார். கல்லூரிப் பேராசிரியர்கள் முதுமையில் வெறுங்கையோடு நிற்கிறார்கள், அவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பணத்தைப் பங்கிட வந்த அறக்கட்டளைக்கு முதல் நாளே ஒரு சிக்கல். அன்றைய அமெரிக்காவில் எது உயர்நிலைப்பள்ளி, எது கல்லூரி என்று திட்டமாகச் சொல்ல முடியாது. அறக்கட்டளையின் தலைவர் ஹென்றி பிரிட்செட் ஒரு கோடு கிழித்தார். பள்ளியில் 14 அலகு படித்து முடித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனமே கல்லூரி. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தை ஓராண்டு, சுமார் 120 மணி நேரம் படிப்பது. ஓய்வூதியம் வேண்டுமென்ற கல்லூரிகள் அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றன. 1910-இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், தொழிற்சாலையை அளக்கும் அதே கண்ணோடு கல்லூரிகளைப் பார்த்து, மாணவர் வகுப்பில் இருக்கும் மணி நேரத்தை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிடலாம் என்று அறிக்கை எழுதினார். இன்று மலேசியாவில் நம் பிள்ளைகள் டிரான்ஸ்கிரிப்டில் எண்ணிப் பார்க்கும் கிரெடிட்டின் பிறப்பு இதுதான். எஸ்.பி.எம். தாளில் நாம் எண்ணும் கிரெடிட் வேறு. அது மதிப்பெண் தரம். இது படித்த அளவு.

அந்த அலகு உருவான அதே ஆண்டுகளில்தான் நெகிரி செம்பிலானில் காடு அழிந்து ரப்பர் நிமிர்ந்துகொண்டிருந்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கியது. தோட்ட முதலாளிகள் கட்டிய வரியில் தொழிலாளர்கள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். 1909, 1910-இல் ரப்பர் விலை உச்சிக்குப் போனது. அமெரிக்கக் கார்களின் சக்கரங்களுக்கு வேண்டிய பால் லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் விடியுமுன் வடிந்தது. பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோல் என்ற வருகை ஏட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார். வந்தவருக்கு ஒரு நாள் விழுந்தது. எந்த மரத்தை எந்தச் சாய்வில் கீறினால் பால் நிற்காமல் ஓடும், எந்தப் பட்டை ஆற எத்தனை ஆண்டு வேண்டும் என்ற அறிவுக்கு அந்த ஏட்டில் பத்தி கிடையாது. அமெரிக்க அலகும் அப்படியே. இருந்த நேரத்தை அது எண்ணியது; கற்றது எவ்வளவு என்று கேட்கவில்லை. இந்தக் குறை கிரெடிட்டோடு கூடவே பயணம் செய்தது. நம் ஊர் வந்து சேர்ந்த பிறகும் போகவில்லை.

அது கடல் கடந்த கதையில் பிரிட்டனுக்கும் பங்குண்டு. 1980 வாக்கில் பிரிட்டிஷ் அரசு வெளிநாட்டு மாணவர்களிடம் படிப்பின் முழுச் செலவையும் கட்டணமாகக் கேட்கத் தொடங்கியது. அங்கே அதிகமாகப் போய்க்கொண்டிருந்தவர்களில் மலேசிய மாணவர்களும் அடக்கம். 1981-இல் பிரதமர் மகாதீர் "பிரிட்டிஷ் பொருள் கடைசியில்" என்று அறிவித்ததன் பின்னணியில் இந்தக் கட்டணக் கோபமும் இருந்தது. உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீட்டால் இடம் கிடைப்பது அரிது, லண்டன் எட்டாது. மிச்சம் இருந்தது அமெரிக்க வழி. இரண்டு ஆண்டு இங்கே படித்து, கிரெடிட்டை மூட்டை கட்டிக்கொண்டு போய் மீதி இரண்டு ஆண்டை அங்கே முடிக்கலாம். பிரிட்டிஷ் பட்டம் மூன்றாண்டு முழுவதையும் ஒரே முழுப் படிப்பாகப் பார்த்தது. அமெரிக்கப் பட்டத்தைப் பாடம் பாடமாகப் பிரித்து எண்ண முடிந்தது. அதனால்தான் அது பயணத்துக்குத் தோதாக இருந்தது. 1986-இல் பிரிக்ஃபீல்ட்ஸில் 37 மாணவர்களோடு இண்டி கல்லூரி தொடங்கியது. 1987-இல் தொடங்கிய சன்வே கல்லூரி, மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு கைகோத்தது.

1998-இல் இண்டி தன் பெரிய வளாகத்தை நெகிரி செம்பிலானின் நீலாயில் திறந்தது. அதே காலத்தில் நீலாய்க் கல்லூரியும் வந்தது. பிறகு இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமும் பாலிடெக்னிக்கும் அந்த வட்டாரத்துக்கு வந்தன. நெடுஞ்சாலைக்கு இருபுறமும் ரப்பரும் செம்பனையுமாக இருந்த பூமி கல்லூரி நகரமாயிற்று. சிரம்பானைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் இப்படித் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்துக் குடும்பங்கள் மலிவு வீடுகளுக்கும் வாடகை அறைகளுக்கும் இடம் பெயர்ந்தன. தோட்டப் பெயரையே இன்னும் தாங்கி நிற்பவை பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகள்தாம்: லாபு, கெர்பி, லின்சம், சுவா பெத்தோங், கெடிஸ். தாத்தா பால் சுமந்த மண்ணில் பேரன் படிக்க ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது பெரிய காரியம். அந்தப் பேரன் அதன் வாசலுக்குள் எந்தக் கணக்கோடு நுழைந்தான் என்பதுதான் என் கவலை.

கல்லூரி வந்த நேரமோ பொல்லாத நேரம். 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. இரண்டரை ரிங்கிட்டுக்குக் கிடைத்த டாலர் 1998 ஜனவரியில் நாலே முக்கால் ரிங்கிட்டையும் தாண்டியது. செப்டம்பரில் அரசு அதை 3.80-இல் கட்டிப் போட்டது. வெளிநாட்டில் பாதியில் நின்றவர்கள் திரும்பினார்கள். போக இருந்தவர்கள் போகவில்லை. அந்த ஆண்டே அரசு '3+0' திட்டங்களுக்கு அனுமதி தந்தது. பட்டம் வெளிநாட்டுடையது, படிப்பு முழுவதும் இங்கேயே. கிரெடிட் அதுவரை வெளியே போவதற்கான சீட்டாக இருந்தது. அதன்பின் உள்ளூரிலேயே கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் சரக்காயிற்று.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த மாற்றுப் பேச்சு கல்லூரியில் தொடங்கவில்லை. பன்னிரண்டு வயதில் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பிற்காலத்தில் அந்தப் பள்ளிகளில் ஆறாண்டு முடித்தவர் மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி பெறாவிட்டால், இடைநிலைப்பள்ளியில் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். ஊரில் அதற்கு 'ரிமூவ் கிளாஸ்' என்று பெயர். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளையானாலும் ஒரு மொழித்தாள் ஒரு முழு ஆண்டைக் கேட்டது. மொழி கற்பிக்க அந்த ஆண்டு வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாள் கூலிக் குடும்பத்தில் ஓராண்டு என்பது ஒரு பஸ் கட்டணம், ஒரு சீருடை, அண்ணனின் வயது ஒத்தவர்கள் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு தம்பி வயதினரோடு உட்காரும் கூச்சம். அங்கேயே படிப்பை விட்டவர்கள் எந்தக் கல்லூரியின் கணக்கிலும் வரவில்லை.

தாண்டி வந்தவரைப் பார்ப்போம். லாபுவிலிருந்து ஒரு பெண் போர்ட் டிக்சனில் உள்ள பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, நீலாயில் பட்டப்படிப்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "டிப்ளோமா இருக்கேம்மா, எத்தனை வருஷம் குறையும்?"

பதில் சொல்ல வேண்டியது 2007 நவம்பரில் தொடங்கிய மலேசியத் தகுதி முகமையின், அதாவது எம்.கியூ.ஏ.வின் கணக்கு. அந்த முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்கச் செலவிடும் 40 மணி நேரம்; விரிவுரை, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி. பிரிட்செட்டின் பழைய எண் மீண்டும் தலைகாட்டுகிறது. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், பட்டத்துக்கு 120. ஒரு பாடம் மாற வேண்டுமானால் அதில் 'சி' தரமாவது இருக்க வேண்டும். இரண்டு பாடத்திட்டங்களும் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குப் போகும் மாற்றத்தில், பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கக் கூடாது என்பது நெடுங்காலம் நடப்பில் இருந்த வரம்பு. 120-இல் அது 36. அந்தப் பெண்ணின் 90-இல் 54 வாசலிலேயே நின்றுவிடும். 54 கிரெடிட் என்பது 2,160 மணி; எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் 270 நாள்.

வரம்பே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். டிப்ளோமாவின் ஆழம் வேறு, பட்டத்தின் இறுதியாண்டு ஆழம் வேறு. எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டால் பட்டத்துக்கு மதிப்பில்லை. எனக்குப் பொறுக்காதது, அந்த 36-ம் முழுதாகக் கிடைக்காமல் போவது. பாடத்தின் பெயர் வேறு என்பதற்காக, பழைய பாடத்திட்டத் தாள் கையில் இல்லை என்பதற்காக, விண்ணப்பிக்கும் தேதி தெரியாமல் போனதற்காக இழக்கும் கிரெடிட்டுகள். ஒவ்வொன்றும் மறுபடி கட்டணமாகிறது. பல வீடுகளில் அது பி.டி.பி.டி.என். கல்விக் கடனாகிறது. 2013-இல் குறைந்தபட்ச ஊதியம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக முதன்முதல் வந்தது; தோட்டத்து நாள் கூலிக்கும் அது ஒரு தரையானது. அந்தச் சம்பளத்தில் வளர்ந்த வீட்டுக்கு ஒரு கூடுதல் செமஸ்டர் என்ன என்பதைக் கல்லூரி முகப்பில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பாதையில் வந்தவர்கள் பாடு இதைவிடக் கடினம். எஸ்.பி.எம். சரியாக வராத நம் பையன்கள் பலர் தொழில்திறன் பயிற்சிக்குப் போனார்கள். வெல்டிங், வயரிங், குளிர்சாதனம். அவர்கள் கையில் இருப்பது எஸ்.கே.எம்., மலேசியத் திறன் சான்றிதழ். அதை நடத்துவது மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை; கல்லூரிகள் வேறு அமைச்சு. எம்.கியூ.ஏ.வின் தகுதிக் கட்டமைப்பின் முதல் பதிப்பு திறன், தொழில்நுட்பம், கல்வி என்று மூன்று தடங்களை வைத்தது. இரண்டாம் பதிப்பில் திறனும் தொழில்நுட்பமும் ஒன்றாகி இரண்டு தடங்களாயின. காகிதத்தில் படிகள் சேர்ந்தன. நடப்பிலோ, சிக்காகோவிலிருந்து வரும் டிரான்ஸ்கிரிப்டை ஒரு கல்லூரி எளிதாகப் படிக்கிறது. சிரம்பானில் மூன்றாண்டு மோட்டார் கழற்றி மாட்டியவரின் சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது. தூரத்துச் சொந்தத்துக்கு இருக்கும் மரியாதை பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லை.

இங்கேதான் ஏபெல்-சி என்ற திட்டத்தின் மீது எனக்கு உண்மையான நம்பிக்கை. வேலையில் கற்றதைக் கிரெடிட்டாக மதிப்பிடும் வழி அது, எம்.கியூ.ஏ. 2016-இல் அதற்கு நெறிமுறை வெளியிட்டது. அனுமதி பெற்ற கல்லூரியில் சேர்ந்து, ஒரு பாடத்துக்கான அறிவு ஏற்கெனவே இருக்கிறது என்று சவால் தேர்வு எழுதியோ, செய்த வேலைகளின் சான்றுக் கோப்பைக் கொடுத்தோ நிரூபிக்கலாம். உச்சவரம்பு இதற்கும் 30 விழுக்காடாகவே வைக்கப்பட்டது. இதன் அண்ணன் ஏபெல்-ஏ. எஸ்.டி.பி.எம். இல்லாதவருக்கும், 21 வயதும் தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால் மதிப்பீட்டுக்கு உட்பட்டுப் பட்டப்படிப்பில் சேர அது வாசல் திறக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் இருபது ஆண்டு மண்டோராக இருந்தவருக்கு உர அளவு, குலை முதிர்ச்சி, ஆட்களை நடத்தும் விதம், கணக்குப் புத்தகம் எல்லாம் தெரியும். வேளாண்மை டிப்ளோமாவின் சில பாடங்களில் அவர் ஆசிரியருக்கே சொல்லிக் கொடுப்பார். கிராணியின் செக்ரோல் எழுதாமல் விட்ட பத்தி இதுதான். நூறாண்டு கழித்தாவது அதற்கு ஒரு படிவம் வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதைப் பற்றித் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் யாரும் பேசுவதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் மன்றங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்கலாம். சொல்ல வேண்டியவை சில. கையெழுத்துப் போடுமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்த கிரெடிட்டை வாங்க எவரும் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் முதல் வாரத்திலேயே வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். கல்லூரி நாளை மூடப்படலாம், பெயர் மாறலாம். சேரும் கல்லூரியிடம் எத்தனை கிரெடிட் ஏற்கிறார்கள் என்பதைப் பாடவாரியாக எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் எந்தப் பாடம், ஏன் என்று காரணம் கேட்க வேண்டும். "அங்கிள் சொன்னார், ஏஜண்ட் சொன்னார்" என்பதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டையும் பயிற்சிச் சான்றையும் மேலாளர் கொடுத்த கடிதத்தையும் தூக்கி எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்கட்டும். ஏபெல் கோப்பு அவற்றிலிருந்துதான் எழும்.