மித்தி நதிக்கு அப்பால்

செம்பூரில் வாழும் நம்மவர் கோட்டைப் பகுதிக்குப் புறப்படுகையில் "டவுனுக்குப் போகிறேன்" என்பர். செம்பூரும் மும்பை மாநகரமன்றோ! இவ்வழக்கிற்குக் காரணம் மித்தி நதி. அதுவும் மாகிம் கழியும் பம்பாய்த் தீவைச் சால்செட் தீவினின்று பிரித்தன. கவர்னர் டங்கன் காலத்தில் சயானில் அணைப்பாதை அமைந்தது; மாகிமில் சீமாட்டி ஆவாபாய் ஜீஜீபாயின் கொடையால் 1845-இல் மற்றொன்று திறக்கப்பெற்றது. வழி பிறந்தும் எல்லை அழியவில்லை. அக்கரைப் புறநகர்கள் 1950-லும் 1957-லுமே மாநகராட்சியுள் வந்தன.

இக்கரையில் இருந்தும் தாராவிக்கு மதிப்பில்லை. திருநெல்வேலியார் பலர் செய்த தோல் பதனிடும் தொழிலை, அதன் நாற்றங் கருதி, நகரம் தன் விளிம்பிலேயே நிறுத்தியது. 1896-இன் பிளேக் நோய்க்குப்பின் திட்டமிட்டு வகுத்த மாதுங்காவின் கதை வேறு.

2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது, மித்தி கரைபுரண்டது. கொலாபாவிலோ 73 மில்லிமீட்டர்தான். டவுனுக்குச் சென்றிருந்த புறநகர்வாசிகள் பலர் அன்றிரவு வீடு திரும்ப வழியின்றித் தவித்தனர்.