கஹ்வாக் கடையும் கைவினைஞர் ஊர்வலமும்

ஹிஜ்ரி 1048, அதாவது கி.பி. 1638. பக்தாத் படையெடுப்புக்குப் புறப்படும் முன்னர் உதுமானிய சுல்தான் நான்காம் முராத், இஸ்தன்பூலின் கைவினைஞர்களும் வணிகர்களும் தத்தம் தொழிற்கருவிகளுடன் அரண்மனை முன்பாக அணிவகுத்துச் செல்லும்படி ஆணையிட்டார். நகரின் நூற்றுக்கணக்கான தொழிற்குழுக்கள் அவ்வணிவகுப்பில் சென்றதைப் பயண நூலாசிரியர் எவ்லியா செலபி விரிவாகப் பதிவு செய்துள்ளார். அவர் கூறும் காட்சிகளுள் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு சச்சரவு.

யார் முன்னே செல்வது என்று இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் எகிப்து வணிகர்களுக்கும் இடையே வழக்கு எழுந்தது. எகிப்து வணிகர்கள் அரிசி, சர்க்கரை, காப்பிக்கொட்டை முதலியவற்றைக் கப்பலில் கொண்டு வருபவர்கள். இறைச்சிக் கடைக்காரர்களோ, காப்பி உறக்கத்தைக் கெடுப்பது, கருகியதை உண்பதற்கு மார்க்கத்தில் அனுமதி இல்லை, காப்பிக் கடைகள் குழப்பத்தின் கூடாரங்கள் என்றெல்லாம் வாதிட்டனர். இறைச்சி விற்பவர் மார்க்கச் சட்டம் பேசியதைப் படிக்கையில் புன்னகை வராமல் இராது. ஆயினும் அவர் பேசியது அவராகப் புனைந்ததன்று. நூறாண்டுக்கும் மேலாக உலமாக்களின் அவைகளில் ஒலித்து வந்த வாதமே அது. முடிவில் சுல்தான் எகிப்து வணிகர்களுக்கே முன்னுரிமை அளித்தார் என்று எவ்லியா எழுதுகிறார். இதே சுல்தான்தான் ஐந்தாண்டுகளுக்கு முன், 1633ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர், நகரின் காப்பிக் கடைகளை மூடச் செய்தவர்!

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரின்போது விழித்திருப்பதற்காகக் கஹ்வாவைப் பருகினர். அவர்கள் வழியாக அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவிற்று. 1511ஆம் ஆண்டில் மக்காவின் முஹ்தஸிபாக, அதாவது சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் அதிகாரியாக, இருந்தவர் கைர் பேக். ஒருநாள் இரவு, பள்ளிவாசலின் ஒரு மூலையில் சிலர் விளக்கேற்றிக் கூடியிருப்பதை அவர் கண்டார். அவர் நெருங்கியதும் அவர்கள் விளக்கை அணைத்துவிட்டனர். அவர்கள் பருகிய கோப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது மதுக்கூட்டத்தின் பாணியாக அவருக்குத் தோன்றியது. மறுநாளே உலமாக்களையும் மருத்துவர்களையும் கூட்டித் தடை பெற்றார். காப்பிக்கொட்டை தெருவில் எரிக்கப்பட்டது. ஆனால், கெய்ரோவிலிருந்து வந்த மம்லூக் சுல்தானின் ஆணை கைர் பேக்கின் அளவுக்குச் செல்லவில்லை. ஒழுங்கற்ற கூட்டங்களைத் தடுக்கச் சொன்னதே தவிர, பானத்தை ஹராம் என்று அது அறிவிக்கவில்லை.

அச்சம் பானத்தைப் பற்றியதா, கூடியிருந்த மனிதர்களைப் பற்றியதா? என் எளிய ஆய்வில், பின்னதே பெரிது. இஸ்தன்பூலின் வரலாறும் அதையே காட்டுகிறது. ஹிஜ்ரி 962 அளவில் (கி.பி. 1554-55) ஹலப் நகரத்து ஹகம் என்பவரும் திமிஷ்க் நகரத்து ஷம்ஸ் என்பவரும் தஹ்தகலே பகுதியில் முதல் கடைகளைத் திறந்தனர் என்கிறார் வரலாற்றாசிரியர் பெச்செவி. அங்கே சிலர் நூல் வாசித்தனர், சிலர் சதுரங்கம் ஆடினர், கவிஞர்கள் புதிய கவிதைகளைக் கொண்டு வந்தனர். பள்ளிவாசலுக்கு ஆள் வருவதில்லை என்று இமாம்களும் முஅத்தின்களும் முறையிட்டனர். (அம்முறையீட்டின் நியாயத்தை மறுப்பதற்கில்லை, ஃபஜ்ரில் வெறுமையாக நிற்கும் வரிசைகளை நாமும் அறிவோம்.) கருகியது என்ற காரணத்தால் தடை வேண்டும் எனச் சிலர் ஃபத்வா கோரினர். பின்னர் ஷைகுல் இஸ்லாம் போஸ்தான்ஸாதா மெஹ்மத் எஃபெந்தி, காப்பிக்கொட்டை கரியாகும் அளவுக்கு வறுக்கப்படுவதில்லை என்று விளக்கி அனுமதித்தார். அதன்பின் ஆலிம்களும் வஸீர்களும்கூட அதைப் பருகலாயினர்.

1582இல் மூன்றாம் முராதின் மகன் மெஹ்மதின் கத்னா விழா ஐம்பது நாட்களுக்கும் மேலாக நடந்தது. அத்மைதான் திடலில் தொழிற்குழுக்கள் சக்கரம் பூட்டிய மேடைகளில் தம் கடைகளையே அமைத்து ஓட்டி வந்தன. அவற்றுள் ஒரு காப்பிக் கடையும் இருந்தது. அவ்விழாவைச் சித்திரிக்கும் 'சூர்நாமா' நூலின் ஓவியங்களை நக்காஷ் உஸ்மானும் அவருடைய குழுவினரும் தீட்டினர்.

வேடிக்கை பார்ப்பதை மார்க்கம் அறவே வெறுக்கிறது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஈத் நாளில் பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே சலிப்புறும் வரை அதைப் பார்ப்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தெருவோரம் அமர்வது பற்றிய ஹதீஸும் நாம் அறிந்ததே. முதலில் நபியவர்கள் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். நாங்கள் அமர்ந்து பேச வேறு இடமில்லை என்று தோழர்கள் கூறியபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதிலளிப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியன அவ்வுரிமை. மத்ரஸாவில் இதைப் பாடம் நடத்தும்போது, தேநீர்க் கடை பெஞ்சும் இதில் அடங்குமா என்று மாணவர் கேட்பர். அடங்கும் என்றே சொல்வேன். கைர் பேக்கிடம் நான் காணும் குறை, அந்த உரிமையைக் கற்பிப்பதை விட்டுவிட்டு அமர்வதையே ஒழிக்கப் பார்த்தது.

உதுமானிய ஆட்சியாளர்களோ கடைகளை மூடியும் திறந்தும் களைத்து, இறுதியில் வேறு வழி கண்டனர். 1840களின் தொடக்கத்தில் இஸ்தன்பூலின் காப்பிக் கடைகளிலும் சத்திரங்களிலும் சந்தைகளிலும் ஒற்றர்கள் அமர்ந்து, மக்கள் பேசுவதை எழுதி அரசுக்கு அனுப்பினர். பிறரைத் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரா அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் விலக்கியிருப்பதை அவ்வரசு அறியாததன்று. ஆயினும் வரலாறு வியப்பானது. வரி பற்றி முணுமுணுத்த கடைக்காரரின் குரலும், போர் பற்றி வதந்தி பேசிய படகோட்டியின் குரலும் அந்த ஏடுகளால்தான் எஞ்சியிருக்கின்றன. அவை இன்று இஸ்தன்பூலின் உதுமானிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் அங்குப் பேசியவர்களைத் தண்டிப்பதற்காக அவை எழுதப்படவில்லை, மக்களின் மனநிலையை அறிவதற்காகவே எழுதப்பட்டன என்று அவற்றை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.