ஆற்றில் கலந்த வெந்நீர்



அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை மீன் தொட்டியில் ஊற்ற நாம் துணிய மாட்டோம். அதையே ஓர் ஆற்றில் இரவு பகலாக, ஆண்டு முழுவதும் ஊற்றினால் என்ன ஆகும்? 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றங்கரையில் இந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடிய கதையை இன்று காண்போம்.

மின் நிலையத்துக்கு ஆற்று நீர் எதற்கு? சுழலியைச் சுழற்றிவிட்டு வெளிவரும் நீராவியை மீண்டும் நீராக்க வேண்டும். அணுமின் நிலையத்தில் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியதைக் குளிர்ந்த நீரின் தலையில்தான் கட்டியாக வேண்டும். ஹாடம் நெக் என்னும் இடத்தில் எழுந்த கனெக்டிகட் யாங்கி நிலையம் 1968 தொடக்கத்திலிருந்து இதைத்தான் செய்தது. ஆற்றிலிருந்து இழுத்த நீரை ஏறக்குறைய 11, 12 டிகிரி செல்சியஸ் சூடேற்றி, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளமுள்ள கால்வாய் வழியே ஆற்றுக்கே திருப்பி அனுப்பியது.

அவ்வாற்று மக்களின் கவலையெல்லாம் ஷாட் என்னும் மீனைப் பற்றியது. மலாய்க்காரர்கள் தெருபோக் என்று அழைக்கும் மீனுக்கு இது உறவு. சரவாக்கில் தெருபோக் முட்டையை உப்பிட்டு விற்பதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அங்கும் ஷாட் முட்டைக்குத் தனி மவுசு உண்டு. கடலில் வளரும் ஷாட், இளவேனிலில் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். 1849இல் ஹோலியோக்கில் கட்டிய அணை அதன் மேல்வழியை அடைத்தது; 1955இல்தான் அங்கே மீன்களைத் தூக்கி விடும் ஏற்பாடு வந்தது. இப்படி ஒருமுறை வழி இழந்த மீனுக்கு இனி வெந்நீரே சுவராகிவிடுமோ என்று மக்கள் அஞ்சினார்கள்.

அச்சம் ஆதாரமற்றதன்று. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். மீனோ குளிர் இரத்தப் பிராணி. நீர் சூடேறினால் அதன் உடலும் சூடேறி, உயிர்வளித் தேவை கூடும். வரவு குறையும் வேளையில் செலவு ஏறுகிறது!

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மெரிமனின் தலைமையில் 1965லேயே ஆய்வு தொடங்கியது. அதாவது, நிலையம் இயங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே! எங்கே என்ன மீன், எத்தனை, எவ்வளவு கொழுப்பு என்று முன்கூட்டியே கணக்கெடுத்து வைத்தார்கள். நம்மைக் கேட்டால், இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். கெட்ட பிறகு எண்ணத் தொடங்குபவருக்கு, கெடாத நிலை எது என்று எப்படித் தெரியும்?

ஷாட் மீன்களின் உடலில் சிறிய ஒலிக்கருவிகளைப் பொருத்திப் படகில் பின்தொடர்ந்தார்கள். வெந்நீர் எடை குறைந்ததாகையால் ஆற்றின் மேற்பரப்பில் மிதந்தது. மீன்கள் அதன் அடியிலுள்ள குளிர்ந்த நீரில் நீந்தி மேலே சென்றன. மக்கள் அஞ்சிய சுவர் அங்கே இல்லை.

ஆனால் எவரும் கவலைப்படாத இடத்தில் கேடு தெரிந்தது. குளிர்காலத்தில் கெளுத்தி மீன்கள் கதகதப்பை நாடிக் கால்வாயில் குவிந்தன. அவை கொழுத்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். மாறாக, அவை மெலிந்து கிடந்தன! வழக்கமாகக் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் உடல், சூட்டினால் ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. கிடைத்த இரை அதற்குப் போதவில்லை.

அதைவிடக் கொடியது குஞ்சுகளின் கதி. விரல் நகத்தளவு கூட இல்லாத ஹெரிங் இனக் குஞ்சுகள் சல்லடைகளைத் தாண்டி, நீரோடு நீராக நிலையத்துக்குள் இழுக்கப்பட்டன. கால்வாய் நீர் 30 டிகிரியைத் தாண்டிய நாட்களில் உயிரோடு வெளிவந்த குஞ்சு ஒன்றும் இல்லை. அவற்றின் சாவுக்குச் சூடு மட்டும் காரணமன்று. குழாய்களிலும் பம்புகளிலும் பட்ட அடியே பெரும் காரணம். ஆற்றில் பிறக்கும் குஞ்சுகளை நோக்க இது சிறு பங்கே என்று ஆய்வாளர் கணித்தார்கள். ஆயினும் மக்கள் வெளியேறும் நீரைப் பார்த்து அஞ்சியபோது, உள்ளே போகும் நீர்தான் உயிர் குடித்தது.

சூடு இருப்பது ஒரு தொல்லை. திடீரென அது நிற்பது இன்னொரு தொல்லை. நியூ ஜெர்சி மாநிலத்து ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையம் 1972 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, வெந்நீரை நம்பித் தங்கியிருந்த மென்ஹேடன் மீன்கள் கடுங்குளிரில் திரள் திரளாக மாண்டன.

அதே 1972இல் இயற்றப்பட்ட அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம், வெளியேறும் வெப்பத்தை ஒரு பிரிவிலும், நீரை உள்ளிழுக்கும் வாயிலை அதையடுத்த பிரிவிலும் வைத்தது. ஹாடம் நெக் ஆய்வு நூலாக வெளிவந்தது 1976இல். அந்த நிலையம் 1996இல் நிரந்தரமாக மூடப்பட்டு, பின்னர் முழுவதும் அகற்றப்பட்டது. குளிர்காலத்தில் கெளுத்திகளைக் கூட்டிய வெந்நீர் இன்று அக்கால்வாயில் ஓடுவதில்லை. ஷாட் மட்டும் ஒவ்வோர் இளவேனிலிலும் அவ்வழியே மேலேறிச் செல்கிறது.